அவசரமே அவர்களின் ஆயுதம்

ஒரு காலத்தில் திருடன் இருட்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. சுவரேறிக் குதிக்க வேண்டும். பூட்டை உடைக்க வேண்டும். நாய் குரைத்தால் ஓட வேண்டும். இன்றைய திருடனுக்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை. பட்டப்பகலில், எங்கோ இருந்தபடி நம் கைப்பேசிக்கு அழைத்து, பெட்டியை நம்மையே திறக்கச் செய்து, பணத்தை நம் கையாலேயே அனுப்ப வைத்துவிடுகிறான்.

இணையவழி நிதி மோசடிகளில் மக்கள் இழந்ததாகப் பதிவான தொகை 2023-ஆம் ஆண்டில் சுமார் ரூ.7,465 கோடி, 2024-இல் அது சுமார் ரூ.22,845 கோடி. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த கணக்கு இது. ஒரே ஆண்டில் ஏறத்தாழ மூன்று மடங்கு. வெட்கப்பட்டும் வீட்டாருக்கு அஞ்சியும் புகாரே கொடுக்காமல் இருந்துவிட்டவர்களின் இழப்பு இதில் சேராது.

இந்த மோசடிகளில் பெரும்பாலானவற்றில் வங்கியின் கணினி உடைக்கப்படுவதில்லை. ரகசிய எண், ஒருமுறைக் கடவுச்சொல், பதிவு செய்த கைப்பேசி எண் எனப் பல அடுக்குப் பூட்டுகள் அப்படியே இருக்கின்றன. கணக்கின் உரிமையாளரே அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறார். ஏமாந்தவர்கள் எல்லாரும் படிக்காதவர்கள் என்று எண்ணிவிடவும் வேண்டாம். ஓய்வுபெற்ற அதிகாரிகள், மருத்துவர்கள், பேராசிரியர்கள், தகவல் தொழில்நுட்பத் துறையிலேயே பணிபுரிகிறவர்கள் என எல்லாத் தரப்பினரும் இதில் உண்டு. மோசடிக்காரன் நம் அறியாமையை மட்டும் நம்பித் தொழில் செய்வதில்லை. நம்மை அவசரப்படுத்துகிறான், பிறரிடமிருந்து பிரித்துத் தனிமைப்படுத்துகிறான். இந்த இரண்டும் நடந்துவிட்டால் எத்தகைய அறிவாளியும் தடுமாறுவார்.

'டிஜிட்டல் கைது' எனப்படும் மோசடியே இதற்குத் தெளிவான சான்று. 'உங்கள் பெயரில் வந்த கூரியர் பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தது' என்றோ, 'உங்கள் ஆதார் எண்ணைக் கொண்டு சட்டவிரோதப் பணப் பரிமாற்றம் நடந்துள்ளது' என்றோ அழைப்பு வரும். அடுத்த சில நிமிஷங்களில் காவல் சீருடையணிந்த ஒருவர் காணொலி அழைப்பில் தோன்றுவார். பின்னணியில் காவல் நிலையம் போன்ற அமைப்பு. சில நேரங்களில் நீதிபதி உடையில் மற்றொருவர். 'அழைப்பைத் துண்டிக்கக் கூடாது; அறையைவிட்டு வெளியேறக் கூடாது; மனைவி, மக்களிடம்கூடச் சொல்லக் கூடாது' என்பது அவர்கள் இடும் முதல் கட்டளை. கடைசியாக, 'உங்கள் பணம் முறையானதுதானா என்று சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம்' என்று சொல்லி, வைப்புத்தொகை முழுவதையும் தாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்ற வைப்பார்கள்.

ஹரியாணா மாநிலத்தைச் சேர்ந்த முதிய தம்பதியர் 2025 செப்டம்பரில் இவ்வாறு ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் இழந்தனர். அவர்களை நம்பவைக்க, உச்சநீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவுகள் காட்டப்பட்டன. அவர்களின் கடிதத்தைக் கண்ட உச்சநீதிமன்றம், அடுத்த மாதமே தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. டிசம்பரில், நாடு முழுவதும் நடைபெறும் டிஜிட்டல் கைது மோசடிகளை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க உத்தரவிட்டது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தின் பெயரையே போலியாகப் பயன்படுத்துகிறவர்கள், உள்ளூர்க் காவல் நிலையத்தின் பெயரைப் பயன்படுத்தத் தயங்குவார்களா?

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்ற ஒன்றே கிடையாது. கைது செய்யப்படுபவருக்கு அதற்கான காரணம் தெரிவிக்கப்பட வேண்டும். தாம் விரும்பும் வழக்குரைஞரைக் கலந்தாலோசிக்க அவருக்கு உரிமை உண்டு. இவை அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு அளிக்கும் உறுதிகள். விசாரணைக்கு ஆஜராகுமாறு காவல் துறை அனுப்பும் அழைப்பாணையை வாட்ஸ்ஆப் வழியே அனுப்பக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே, 'யாரிடமும் சொல்லாதே' என்று ஒருவர் கட்டளையிட்டால், அந்தச் சொல்லே அவர் அதிகாரி அல்லர் என்பதற்குப் போதுமான சான்று. உண்மையான அதிகாரி வழக்குரைஞரை அழைத்து வரச் சொல்வார். அறைக்குள் பூட்டிக்கொள்ளச் சொல்ல மாட்டார். பிரதமரும் 2024 அக்டோபரில் தமது வானொலி உரையில் இதை எச்சரித்து, 'நில்லுங்கள், சிந்தியுங்கள், செயல்படுங்கள்' என்ற மூன்று படிகளைக் கூறினார். முதல் சொல் 'நில்லுங்கள்' என்பதாக இருப்பது பொருத்தமானது.

அச்சம் ஒரு கருவி என்றால், அன்றாடக் கவலை இன்னொன்று. 'கடந்த மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே இந்த எண்ணை அழைக்கவும்' என்ற குறுஞ்செய்தி தமிழகத்தில் பலருக்கும் வந்திருக்கும். தனிநபர் ஒருவரின் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து மின்வாரியம் அவ்வாறு மிரட்டாது என்பது நிதானமாக யோசித்தால் புரியும். ஆனால், இரவு 9 மணிக்குக் குழந்தைக்குத் தேர்வு இருக்கும் வீட்டில் யார் நிதானமாக யோசிப்பது? அழைத்துப் பேசினால், 'பத்து ரூபாய் மட்டும் செலுத்திச் சரிபாருங்கள்' என்று சொல்லி, நம் கைப்பேசியின் திரையைத் தொலைவிலிருந்தே காணவும் இயக்கவும் உதவும் செயலி ஒன்றைத் தரவிறக்கச் சொல்வார்கள். அதன்பின் நாம் தட்டும் ரகசிய எண், வரும் குறுஞ்செய்தி எல்லாம் அவர்கள் கண்முன்னே.

திருமண அழைப்பிதழாகவும் போக்குவரத்து அபராத ரசீதாகவும் வங்கி அறிவிப்பாகவும் வாட்ஸ்ஆப்பில் வரும் சில கோப்புகள் இதே வகைதான். அழைப்பிதழ் என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்க வேண்டும். கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது அழைப்பிதழே அன்று. கைப்பேசியில் குடியேறத் துடிக்கும் ஒரு செயலி. அதை நிறுவி, கேட்கும் அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால், நமக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொற்களைப் படித்து அப்படியே மோசடிக்காரருக்கு அனுப்பிவிடும். தெரிந்தவரின் எண்ணிலிருந்து வந்தாலும் நம்பக் கூடாது. அவருடைய கணக்கும் அவ்வாறே கைப்பற்றப்பட்டிருக்கலாம். செயலிகளைக் கைப்பேசியுடன் வரும் அதிகாரபூர்வச் செயலிக் கடையில் மட்டுமே தரவிறக்குவது என்று உறுதிகொள்வது நல்லது. டார்ச் விளக்குச் செயலி நம் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டால், எதற்கு என்று கேட்கும் பழக்கமும் வேண்டும்.

2016-இல் அறிமுகமான யுபிஐ இன்று பெட்டிக்கடை வரை பரவிவிட்டது. அதிலுள்ள அடிப்படை விதி ஒன்றே ஒன்று: பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை; க்யூஆர் குறியீட்டை வருடவும் தேவையில்லை. பழைய மேசையை விற்க இணையத்தில் விளம்பரம் செய்தவரிடம், 'ராணுவத்தில் பணிபுரிகிறேன், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை வருடுங்கள்' என்று ஒருவர் சொன்னால், பணம் விற்பவரின் கணக்கிலிருந்துதான் போகும். 'உங்கள் கணக்குக்குத் தவறுதலாகப் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்' என்ற வேண்டுகோளும் பெரும்பாலும் போலிக் குறுஞ்செய்தியுடன் வருவது. வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே இரக்கப்பட வேண்டும். உண்மையிலேயே பணம் வந்திருந்தாலும், வங்கியின் மூலமாகத் திருப்புவதே முறை.

ஆசையைத் தூண்டும் மோசடிகளில் அவசரம் மெதுவாக வேலை செய்யும். வீட்டிலிருந்தே வேலை என்று தொடங்கி, காணொலிகளுக்கு 'லைக்' போட்டால் நூறு, இருநூறு ரூபாய் தருவார்கள். உண்மையிலேயே தருவார்கள்; அது தூண்டில் புழு. பின்னர் 'முன்பணம் செலுத்தினால் அதிக வருவாய்' என்பார்கள். பங்குச் சந்தைக் குழுக்களில் போலிச் செயலியின் திரையில் நம் ஐம்பதாயிரம் ஐந்து லட்சமாக வளர்ந்து நிற்கும். எடுக்கப் போனால் 'வரி கட்டுங்கள்', 'கட்டணம் கட்டுங்கள்' என்று மேலும் கறப்பார்கள். திரையில் தெரியும் எண் பணமாகாது. முதலீட்டு ஆலோசனை தருகிறவர் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான 'செபி'யில் பதிவு பெற்றவரா என்று அதன் வலைதளத்தில் பார்த்துவிடலாம். உறுதியான உயர் லாபம் என்று எவர் சொன்னாலும் விலகிவிடலாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவின் துணையால் குரலையும் முகத்தையும்கூடப் போலியாக உருவாக்க முடிகிறது. வெளியூரில் படிக்கும் மகனின் குரலிலேயே 'அப்பா, விபத்தில் சிக்கிக்கொண்டேன், உடனே பணம் அனுப்புங்கள்' என்று அழைப்பு வரலாம். பதற்றத்தில் குரலின் வேறுபாடு தெரியாது. குடும்பத்தினர் மட்டுமே அறிந்த அடையாளச் சொல் ஒன்றை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது இதற்கு எளிய மருந்து. அல்லது அழைப்பைத் துண்டித்துவிட்டு, நம்மிடமுள்ள மகனின் எண்ணுக்கு நாமே அழைத்துப் பார்க்கலாம்.

இந்த 'நாமே அழைப்பது' என்ற பழக்கம் எல்லா மோசடிக்கும் பொதுவான தடுப்பு. வங்கியிலிருந்து என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, பற்று அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடக் கூடாது. அங்கே போலி எண்கள் விளம்பரமாகவே காத்திருப்பதுண்டு. வங்கிகள் சேவைக்காக அழைக்கும் எண்கள் 1600 என்று தொடங்கும் வகையிலும், வணிக விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் வகையிலும் வரையறுக்கப்பட்டுள்ளன. வங்கிகளின் வலைதள முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் வகையில் மாற ரிசர்வ் வங்கி 2025-இல் ஏற்பாடு செய்தது. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல், இந்த முகவரியை நாமே தட்டச்சு செய்து நுழைவது பாதுகாப்பானது.

கருவியைப் பேணுவதிலும் சில கடமைகள் உண்டு. கைப்பேசியும் கணினியும் 'புதுப்பிக்கவும்' என்று கேட்கும்போது 'பிறகு' என்று தள்ளிவிடுவது பலரின் வழக்கம். 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற பிணைத்தொகை மென்பொருள் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளை முடக்கியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் பல, நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. புதுப்பித்தவர்கள் தப்பினர்; தள்ளிப்போட்டவர்கள் சிக்கினர். மோசடிக்காரன் அவசரப்படுத்தும்போது தாமதிப்பது நல்லது. கருவி எச்சரிக்கும்போது தாமதிப்பது தீது.

கடவுச்சொல் விஷயத்தில் நெடுநாளாக ஒரு தவறான அறிவுரை நிலவியது. புரியாத குறிகளைக் கலந்து, மாதந்தோறும் மாற்ற வேண்டும் என்பது அது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சிக்கலைவிட நீளமே முக்கியம் என்றும், காரணமின்றி அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை என்றும் கூறியது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை, புளியமரம், துடுப்பு, அம்மி, கம்பளி என்பதுபோல் சேர்த்தால் நினைவிலும் நிற்கும்; ஊகிப்பதும் கடினம். ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் பயன்படுத்தாமலிருப்பது அதைவிட முக்கியம். எங்கோ ஒரு சிறு வலைதளத்தில் அது கசிந்தால், திருடர்கள் அதே சொல்லை நம் மின்னஞ்சலிலும் முயன்று பார்ப்பார்கள். மின்னஞ்சல் கைப்பற்றப்பட்டால் மற்ற கணக்குகளின் கடவுச்சொற்களையும் அதன் வழியே மாற்றிவிடலாம். ஆகவே, மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்ஆப்புக்கும் இரட்டைச் சரிபார்ப்பு வசதியை இன்றே செயல்படுத்திவிட வேண்டும்.

ஆதார் எண்ணின் விரல்ரேகைப் பதிவைப் பூட்டிவைக்கும் வசதியை ஆதார் ஆணையமே அளிக்கிறது. நகல் கொடுக்க வேண்டிய இடங்களில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் வகையிலான ஆதாரைக் கொடுக்கலாம். நம் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் இருக்கின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அறிந்து, நமக்குரியவை அல்லாதவற்றை நீக்கக் கோரலாம். கைப்பேசியில் காரணமின்றி நெடுநேரம் சிக்னல் இல்லாமல் போனால், நம் எண்ணுக்கு வேறொருவர் புதிய சிம் வாங்கிவிட்டாரா என்று உடனே விசாரிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பணம் போய்விட்டால் என்ன செய்வது? அழுவதற்கு முன் அழைக்க வேண்டிய எண் 1930. மத்திய உள்துறையின் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையத்தின்கீழ் இயங்கும் இந்த ஏற்பாட்டில், புகார் பதிவானவுடன் பணம் சென்ற வங்கிக்குத் தகவல் போய், அது நிறுத்திவைக்கப்படும். அங்கிருந்து வேறு வங்கிக்கு மாறியிருந்தால் அந்த வங்கிக்கும் தகவல் செல்லும். ஆனால், திருடர்கள் சில நிமிஷங்களுக்குள் பல கணக்குகளுக்குப் பிரித்து, ரொக்கமாக எடுத்துவிடுவார்கள். ரொக்கமாகிவிட்டால் தடம் அறுந்துபோகும். எனவே, முதல் ஒரு மணிநேரம் பொன்னானது. அத்துடன் வங்கிக்கும் தெரிவித்து, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். தேசிய இணையக் குற்றப் புகார் வலைதளத்திலும் பதிவு செய்யலாம். குறுஞ்செய்திகள், அழைப்பு எண்கள், பரிமாற்ற விவரங்கள் எதையும் அழித்துவிடக் கூடாது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளருக்குச் சில உரிமைகளை அளித்தது. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி மூன்றாம் தரப்பினரால் பணம் பறிபோய், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் என்றால் வரம்புக்குட்பட்ட இழப்பு. ரகசிய எண்ணை நாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு நம்முடையது. தெரிவித்த பிறகு ஏற்படுவது வங்கியுடையது. எவ்வாறாயினும் தாமதம் நமக்கே பாதகம். வங்கியின் பதில் 30 நாள்களில் வராவிட்டாலோ, நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

இவ்வளவு வழிகள் இருந்தும் பலர் ஏன் அழைப்பதில்லை? வெட்கம். 'இவ்வளவு படித்தும் ஏமாந்துவிட்டீர்களே' என்று பிள்ளைகள் கேட்பார்களே என்ற கூச்சம். ஓய்வூதியப் பணத்தை இழந்த தந்தை, இரண்டு நாள்கள் யாரிடமும் சொல்லாமல் தூங்காமல் கிடக்கிறார். அந்த இரண்டு நாள்கள் திருடனுக்குக் கிடைத்த பரிசு. வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இளைஞர்கள் இன்றே சொல்லிவைக்க வேண்டியது இதுதான்: 'என்ன நடந்தாலும் முதலில் என்னை அழையுங்கள், நான் கோபப்பட மாட்டேன்.' சந்தேகமாக வந்த ஒவ்வொரு செய்தியையும் காட்டி விளக்கம் கேட்கும் பெற்றோரை, 'இதுகூடத் தெரியாதா' என்று சலித்துக்கொள்ளும் பிள்ளை, தன்னையறியாமல் அவர்களைத் தனிமையில் தள்ளுகிறது.

இந்தத் தொழிலின் மறுமுனையிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது வேதனை. வெளிநாட்டில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள் சிலர், மியான்மரிலும் கம்போடியாவிலும் மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, இந்த வேலையைச் செய்யுமாறு அடித்து வற்புறுத்தப்பட்டனர், பலர் மீட்கப்பட்டனர். உள்ளூரிலோ, சில ஆயிரம் ரூபாய்க்குத் தங்கள் வங்கிக் கணக்கையும் சிம் அட்டையையும் பிறருக்குக் கொடுக்கும் மாணவர்கள் உண்டு. திருட்டுப் பணம் அந்தக் கணக்கின் வழியே போகும்போது, வழக்கில் முதலில் சிக்குவது அந்த மாணவர்தான்.

தனிமனிதர்களின் விழிப்புணர்வை மட்டும் பேசிவிட்டு வங்கிகளும் அரசும் ஒதுங்கிவிட முடியாது. எழுபது வயதுப் பெரியவர் இருபது ஆண்டுகாலச் சேமிப்பை ஒரே நாளில் முறித்து, இதுவரை தொடர்பே இல்லாத கணக்குக்கு அனுப்பக் கேட்கும்போது, வங்கி ஊழியர் இரண்டு கேள்விகள் கேட்டாலே பல குடும்பங்கள் தப்பும். பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தரும் கடமை விதிக்கப்பட்டு, அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதைச் சரிபாதியாக ஏற்கின்றன. போலிக் கணக்கைத் திறக்க அனுமதித்த வங்கிக்கும் இழப்பில் பங்கு உண்டு என்றால், கணக்குத் திறப்பில் கவனம் தானாகவே கூடும். அத்தகைய பொறுப்புப் பகிர்வு நம் நாட்டிலும் முழுமையாக வர வேண்டும்.

அதுவரை நம்மால் இயன்றதை நாம் செய்யலாம். எதிர்பாராமல் வரும் எந்த அழைப்புக்கும் அப்போதே பணம் அனுப்புவதில்லை. அரைமணிநேரம் பொறுத்து, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுத்தான் முடிவெடுப்பது. இந்த ஒரு விதியை இன்றிரவே குடும்பத்தோடு பேசி வகுத்துக்கொள்ளலாம். நியாயமான எந்த வேலையும் அரைமணிநேரத் தாமதத்தால் கெட்டுவிடாது. கெடுவது மோசடி மட்டுமே.